எந்தச் சிகிச்சை என்பதை அவரிடமும் கேளுங்கள்

குடிப்பழக்கமும் மனச்சோர்வும் ஒருங்கே பற்றிக்கொண்ட ஒரு மனிதர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வீட்டாரின் வற்புறுத்தலாலோ தமது சொந்த விருப்பத்தாலோ வைத்தியம் தேடிப் புறப்படுவாரானால், மருந்துக்கு முன்னால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிபந்தனைதான். குடிக்குச் சிகிச்சை செய்யும் இடத்தில், "முதலில் குடியை நிறுத்துங்கள், மனசு தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். மனநோய்க்கு மருந்து தரும் இடத்தில், "குடித்துக்கொண்டே மாத்திரை சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை, குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. இரண்டு வாக்கிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆயினும், இரவில் உறக்கம் கொள்ளவிடாத துக்கத்தைத் தாளமாட்டாமல் குடிக்கிறவரிடம், குடியை விட்ட பிற்பாடு துக்கத்துக்கு மருந்து வாங்க வா என்று சொல்வதும், குடியினால் பணமும் மானமும் இழந்து மனமுடைந்தவரிடம், மனம் தேறிய பிற்பாடு குடியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்வதும், நடைமுறையில் அவரை வெறுங்கையோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கே சமானமாகும்.

இவ்விரண்டு வியாதிகளையும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், கூடுமானால் ஒரே கையால் கவனிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதனினும் முக்கியமாக, பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் மனத்தைத் தேற்றுகின்ற பலவகைச் சிகிச்சைகளுள் எது தமக்கு இசையும் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த நோயாளிக்கே உண்டு. அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய விவரங்களை அவருக்கு விளங்கும் தமிழில், அவசரமில்லாமல் எடுத்துச் சொல்லும் கடமை நம்முடைய வைத்தியத் துறைக்கு உண்டு.

காவிரிப் படுகையில் மனம் நொந்துபோவதற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை, 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கப்படவில்லை. 2016-இல் ஆற்று நீர் குறைந்ததோடு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, சம்பாப் பயிர் வயலிலேயே கருகி, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அந்த மாதங்களில், டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த மரணச் செய்திகளை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16-ஆம் தேதி, வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு தென்னங்கன்று நட்டு, அது பாளை விட்டுக் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்த நடுவயதுக்காரருக்கு, எஞ்சிய ஆயுளே அந்தக் கணக்கில் கரைந்துபோவதாகத் தோன்றியிருக்கும். நிலமற்ற தொழிலாளியின் கதை வேறு. நாற்றுப் பறித்தும் கட்டுச் சுமந்தும் முறிந்துபோன உடம்புக்கு "அலுப்புக்காக" என்று தொடங்கிய குடி, நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வேலை நாட்கள் சுருங்கிய பின்னர், அலுப்பே இல்லாத நாட்களிலும் தொடர்ந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றில் நீர் கரைபுரண்டு ஓடிய ஆண்டுகளிலும், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டுகளிலும், எந்த வெளிக்காரணமும் புலப்படாமல், எதிலும் பிடிப்பின்றி, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் இதே ஊர்களில் உண்டு. வறட்சியையும் கடனையும் மட்டும் காரணமாகக் காட்டிப் பேசிப் பழகிவிட்டால், கடனில்லாத வீட்டில் இருக்கும் நோயாளி, தமக்கு வந்திருப்பது நோயே அல்ல, தம் சுபாவத்தின் குற்றம் என்று எண்ணி ஒளிந்துகொள்வார்.

மதுவிலக்கைப் பற்றிய வாதத்தை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த நாள் முதலாக, விலக்குவதும் தளர்த்துவதுமாகவே அந்தச் சரித்திரம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால், 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் வழியே தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் காணும் ஓர் அரசாங்கத்துக்கு, அந்தப் பாட்டிலினால் நோயுற்றவரைக் குணப்படுத்தும் கடன் மற்றெந்த அரசாங்கத்தைக் காட்டிலும் அதிகம் என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

அந்தக் கடன் எவ்வளவு பாக்கி என்பதைச் சில எண்கள் காட்டுகின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல், தமிழகம் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, குடியினால் நோயுற்றவர்களில் 86.3 சதவிகிதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். மனச்சோர்வும் பதற்றமும் அடங்கிய பொதுவான மனநோய்களிலோ அந்தக் கணக்கு 85 சதவிகிதம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான அகில இந்திய ஆய்வு, மதுவுக்கு அடிமைப்பட்டவர்களுள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்ததாகச் சொல்கிறது. இந்த இரண்டு நோயும் ஒருவரிடத்திலேயே சேர்ந்துவிட்டால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறது. குடிகாரன் என்று ஊரார் பெயர் வைத்த பிறகு, அந்த மனிதரின் அழுகையைக் கூடப் போதையின் அழுகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் வஸ்து. அதைத் தினந்தோறும் மிகுதியாக உட்கொள்ளுவதாலேயே உறக்கம் கெட்டு, ஊக்கம் குன்றி, சாவைப் பற்றிய எண்ணம்கூட வருவதுண்டு. அப்படி மதுவினாலேயே வந்த மனச்சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலருக்கும் கணிசமாகத் தெளிந்துவிடுகிறது. வேறு சிலருக்கோ, மனச்சோர்வு குடிக்கு முந்தியது. பாட்டிலை எடுத்துவிட்டாலும் அது போகாது. முன்பு மங்கலாகத் தெரிந்த துக்கம் இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிவதால், அந்த வாரங்களே அவர்களுக்கு மிகவும் அபாயமான வாரங்களாகவும் அமையக்கூடும். இந்த இரு சாராரையும் பிரித்தறிய வைத்தியர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, ஏறத்தாழ ஒரு மாத காலம் குடிக்காமல் இருந்த சந்தர்ப்பம் ஏதேனும் உண்டா, அப்போது மனம் எப்படி இருந்தது என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம் ஜனங்களிடம் ஓர் அபூர்வமான வசதி இருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை அணிந்து ஒரு மண்டல காலம் விரதம் இருப்பவர்களும், முனீஸ்வரன் சந்நிதியில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களும் இங்கே ஏராளம். "அண்ணே, போன கார்த்திகையில மாலை போட்டிருந்தீங்களே, அந்த நாப்பது நாளும் மனசு எப்படி இருந்துச்சு? சோறு இறங்குச்சா? தூக்கம் வந்துச்சா?" என்று ஒரு செவிலியரோ சுகாதாரத் தன்னார்வலரோ கேட்டால், அந்த மனிதர் உடனே பதில் சொல்லிவிடுவார். "அப்பதான் நல்லா இருந்தேன்" என்பவருக்கு வழி ஒன்று; "அப்பவும் இப்படித்தான், சாமி பேரச் சொல்லிப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்பவருக்கு வழி மற்றொன்று. விரத காலத்தை மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுகிற ஆஸ்பத்திரி, நோயாளியின் சரித்திரத்தில் மிகவும் உபயோகமான ஒரு பக்கத்தைக் கிழித்தெறிகிறது. அந்த விரதம் அந்த அளவுக்காவது நிலைத்து நின்றதன் ரகசியத்தையும் கவனிக்க வேண்டும்: கயிறு கட்டிக்கொண்டது அவரே, நாளைக் குறித்தவரும் அவரே.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் பொடி என்ற விளம்பரத்தைப் பஸ் நிலையச் சுவர்களில் காணாதவர் யார்? குழம்பிலும் காப்பியிலும் அதைக் கலந்து கொடுக்கும் மனைவியின் கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அப்படிக் கலக்கப்படுவது டைசல்ஃபிரம் போன்ற மருந்தாக இருந்துவிட்டால், அதை அறியாமல் மது குடித்த மனிதருக்கு முகம் சிவந்து, இருதயம் படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் உட்கொள்ளும்போது மட்டுமே அது மருந்து. அவ்வாறே, வீட்டாரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, விடியுமுன் ஆளை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிற விடுதிகளும் உண்டு. 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவினால் விளையும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோயின் இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. நோயாளிக்கு விவரங்களை எடுத்துச் சொல்லிச் சம்மதம் பெற்றே சிகிச்சை தர வேண்டும் என்கிறது. தீர்மானிக்கும் சக்தி தற்காலிகமாகக் குன்றினாலும், உதவி கொடுத்துத் தீர்மானிக்கச் செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே நான் கேட்பது ஏற்கெனவே சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதைத்தான்.

தேர்ந்தெடுப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள், கோவாவில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. அங்கே சங்கத் என்னும் அமைப்பும், விக்ரம் படேல் முதலிய மனநல அறிஞர்களும் சேர்ந்து, மனோதத்துவப் பட்டம் எதுவும் பெறாத உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்து இரண்டு சிகிச்சைகளைச் சோதித்தார்கள். முடிவுகள் 2016 இறுதியில் லான்செட் சஞ்சிகையில் வெளியாயின. ஒன்று மனச்சோர்வுக்கானது: துக்கத்தால் கைவிட்டுப் போன சின்னச் சின்னக் காரியங்களை, வயலைப் போய்ப் பார்ப்பது, அண்ணன் வீட்டுக்குப் போவது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று, வாரத்துக்கு இத்தனை என்று வகுத்துக்கொண்டு செய்யத் தொடங்கி, செயலின் வழியாக மனத்தை மீட்பது. ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதங்களில், அதைப் பெற்றவர்களில் 64 சதவிகிதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்களிலோ 39 சதவிகிதத்தினர்.

மற்றொன்று, தீங்கு தரும் அளவுக்குக் குடித்துவந்தும் முற்றிலும் அடிமைப்பட்டுவிடாத ஆண்களுக்கானது. அதிகம் போனால் நான்கு அமர்வுகள். ஆலோசகர் உபதேசம் செய்வதில்லை, சபதம் வாங்குவதில்லை. குடியால் தமக்கு வந்த லாபத்தையும் நஷ்டத்தையும் அந்த மனிதரே தம் வாயால் எடைபோடும்படி கேட்டுக்கேட்டு, அவருடைய வார்த்தைகளையே அவருக்குத் திருப்பிக் காட்டுகிறார். மூன்று மாதங்களில் 36 சதவிகிதத்தினர் அபாய எல்லையைக் கடந்து வெளியே வந்தார்கள். வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்களில் 26 சதவிகிதத்தினர். வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பன்னிரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அது 54-க்கு 32 என்று விரிந்திருந்தது. தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட காரணங்கள், பிறர் புகட்டிய புத்திமதியைப்போல நாட்பட மங்கிவிடவில்லை.

கோவாவில் இரண்டும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. இரு நோயும் சேர்ந்தவர்களுக்காக, ஆஸ்திரேலியாவில் பேக்கர் என்பவரும் அவர் குழுவினரும் 284 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குடியையும் மனச்சோர்வையும் ஒன்றாக இணைத்துக் கற்பித்த பயிற்சி, ஒன்றை மட்டும் பற்றிய பயிற்சியைவிடக் குடிக்கும் நாட்களையும் துக்கத்தையும் கூடுதலாகக் குறைத்தது. அதிலே கவனிக்கத்தக்க இன்னொரு விஷயமும் தெரிந்தது: ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுள், ஆண்களுக்குக் குடியை நேரே பேசிய பயிற்சியும், பெண்களுக்கு மனச்சோர்வைப் பேசிய பயிற்சியும் குடியின் அளவைக் குறைப்பதில் மேலாக இருந்தன. இதை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே கஷாயம் என்பது பொருந்தாது என்ற அளவுக்கு மட்டும் அது சான்று.

தூர தேசத்து உதாரணங்கள் போதும். நம் மண்ணிலேயே ஒன்று இருக்கிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற ஏழைக் கிராமத்தாரால் ஆகாது என்பதை உணர்ந்து, அந்த மருத்துவமனையினர் சிகிச்சையையே கிராமத்துக்கு எடுத்துக்கொண்டு வந்த ஊர் எது தெரியுமா? அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில், குடவாசல் அருகே இருக்கும் மஞ்சக்குடி. ஊர்ப் பெரியவர்களின் துணையோடு, ஊரிலேயே முகாம் அமைத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளைத் தங்கவைத்து, வைத்தியமும் கூட்டு உரையாடலும் நடத்தி, குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி, முகாம் முடிந்த பிறகும் விட்டுவிடாமல் தொடர்ந்து சந்தித்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-இல் எழுதி, மேல்நாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றில் மஞ்சக்குடியின் பெயராலேயே வெளியிட்டார். உலகத்தின் பல பாகங்களில் உள்ள நிபுணர்கள் படித்த அந்தக் கட்டுரையின் பெயரை, இன்று குடவாசல் கடைத்தெருவில் எத்தனை பேர் அறிவார்கள்? அந்த முகாம்கள் குடிநோயைக் குறித்தவையே. மனச்சோர்வு அவற்றின் பிரதான விஷயமன்று. ஆயினும், நோயாளி தம் சொந்த ஊரிலே, தம் பேச்சு வழக்கிலே, தம்மைப் போன்ற பிறரோடு உட்கார்ந்து குணமாக முடியும் என்பதை இந்த மண்ணிலேயே நடத்திக் காட்டிவிட்டன. கோவாவின் நான்கு அமர்வுகள் ஒரு கோடி என்றால், மஞ்சக்குடியின் இரண்டு வாரம் மறுகோடி. இடையே இணைந்த பயிற்சி, கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அமர்த்தும் ஆலோசனை, குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கட்டணமில்லாத ஏ.ஏ. கூட்டம், இவற்றோடு துணையாகச் சேரும் மருந்துகள் என்று பல நிலைகள் உண்டு.

ஒரத்தநாட்டுப் பக்கத்தில், ஐம்பது வயதான ஒரு குத்தகை விவசாயியை மனத்தில் வைத்துக்கொள்வோம். மாலையானால் குவார்ட்டர் இல்லாமல் முடியாது; காலையில் கை நடுங்குகிறது; இரண்டு ஆண்டாக எதிலும் ருசியில்லை. அவரோடு நடத்த வேண்டிய முதல் உரையாடல் உடம்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். காலை நடுக்கம் உள்ளவர், முன்பு வலிப்புக் கண்டவர், தினமும் மிகுதியாகக் குடிப்பவர் ஆகியோர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் வீட்டில் தாமாகவே நிறுத்தினால், முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். ஆஸ்பத்திரியில் மருந்தும் பி-1 வைட்டமின் ஊசியும் பெற்று நிறுத்துவதே தக்கது. இந்த ஒரு படியில் மட்டும் தேர்வுக்கு அதிக இடமில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதையும் கூசாமல் அப்போதே கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. உண்டு என்றால், அவரைத் தனியே விடாமலும், வீட்டில் பூச்சிமருந்தை வைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது மற்றெல்லாவற்றுக்கும் முந்திய காரியம். சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமாரின் முயற்சியால், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஊருக்குப் பொதுவான பூச்சிமருந்துப் பெட்டகம் அமைத்துப் பார்த்தார்கள். டெல்டாவின் மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றலாம்.

உடம்பு நிலைப்பட்ட பிறகு தொடங்குவதுதான் தேர்வு. "ஐயா, உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவா இருக்கு? குடியா, மனசா? எதை முதல்ல பார்க்கலாம்னு நினைக்கிறீங்க?" என்பது ஒன்று. அடியோடு விட விரும்புகிறாரா, குறைக்க விரும்புகிறாரா என்பது ஒன்று. அடிமைப்பட்டவருக்கு அடியோடு விடுவதே பாதுகாப்பு என்பதை ஆலோசகர் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் நடுவில் பேச அவருக்கு மனம் வருமா, தனியாகத்தான் பேசுவாரா. உள்ளூர் ஆலோசகரிடம் பேசினால் விஷயம் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சுகிறாரா. மனைவி கூட இருப்பது அவருக்குத் தைரியமா, வெட்கமா. பஸ் ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வாரந்தோறும் வர முடியுமா. ஜாதியும் உறவும் நெருங்கிப் பின்னிய கிராமத்தில் இவை சில்லறைக் கேள்விகள் அல்ல. சிகிச்சை மூன்றாம் வாரத்தில் நிற்பதும் தொடர்வதும் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

படிப்பறிவு குறைந்த ஏழை இவற்றையெல்லாம் எப்படி ஆராய்ந்து தேர்வார் என்ற ஆட்சேபத்தைப் படித்தவர்கள் பலர் எழுப்பக் கேட்டிருக்கிறேன். அவர் குறுவைக்கு ஆடுதுறை 43-ஐ விதைப்பதா 45-ஐ விதைப்பதா, சம்பாவுக்கு சி.ஆர். 1009-இன் நீண்ட வயதுக்குத் தண்ணீர் தாங்குமா என்று, அணையின் நீர்மட்டத்தையும் கையிருப்பையும் டீக்கடைச் செய்தியையும் சேர்த்து எடைபோட்டு, நிச்சயம் ஏதுமில்லாத ஒரு பருவத்தின் மீது ஆண்டுதோறும் தம் குடும்பத்தையே பணயம் வைத்துத் தீர்மானிக்கிறவர். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ரகங்களைக் கண்டுபிடித்து, அவற்றின் வயதையும் விளைச்சலையும் நோய் தாங்கும் சக்தியையும் அவருக்குச் சொன்னது. இதைத்தான் விதைக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அந்த மரியாதையை ஆஸ்பத்திரியும் அவருக்குத் தரலாம். சிகிச்சை வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் தேர்வுத் துணைப் பிரசுரங்களைப் பற்றி, உலகெங்கும் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிஞர்கள், அவற்றைப் பயன்படுத்தியவர்கள் விஷயத்தை நன்கு அறிந்தும், குழப்பம் குறைந்தும், தீர்மானத்தில் தாமே பங்கெடுத்தும் நடந்துகொள்கிறார்கள் என்றே கண்டிருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. எய்ம்ஸ் ஆய்வின்படி நாட்டில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவிகிதம், பெண்கள் 1.6 சதவிகிதம். எண்ணிக்கை சிறிது என்பதால், குடிக்கும் பெண்ணுக்கு நம் ஊர்களில் சிகிச்சையே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆண்கள் நிறைந்த வார்டுக்கு அவர் வரவே மாட்டார். குடிக்கிறவரின் மனைவியோ, வேறு விதத்தில் கண்ணுக்குத் தெரியாதவர். கணவரின் சிகிச்சையில் காவல்காரியாகவும் சாட்சியாகவும் மட்டும் அவர் அழைக்கப்படுகிறார். அவருடைய சொந்த மனச்சோர்வுக்கு, அவருடைய சொந்தத் தேர்வோடு கூடிய சிகிச்சை வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. கணவர் குணமடைவதற்காக மனைவி காத்திருக்க வேண்டிய நியாயம் எதுவும் இல்லை.

செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையாரும், மாவட்ட மனநலத் திட்டத்தாரும், குடியிலிருந்து மீண்டவர்கள் சிலரையும் அவர்களது மனைவிமாரையும் உடன் வைத்துக்கொண்டு, எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிரசுரம் எழுத வேண்டும்; வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையோடு வீடு வீடாகப் போய்வரும் பெண் தன்னார்வலர்களுள் விருப்பமுள்ளவர்களுக்கு, கோவாவில் தந்ததைப் போன்ற பயிற்சியும், அதற்குரிய ஊதியமும், மேற்பார்வையிட ஒரு மனநல வைத்தியரும் கொடுத்தால், அந்த இரண்டு சிகிச்சைகளும் திருவையாற்றுக்கும் மன்னார்குடிக்கும் வந்துசேரும். அதுவரையில், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்தப் பிரசுரத்தின் கடைசிப் பக்கம், தேர்ந்தது பலிக்காமற்போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியதாக இருக்கட்டும். நான்கு அமர்வு போதாதவர் முகாமுக்குப் போகலாம். கூட்டத்தில் பேச முடியாதவர் தனி ஆலோசனைக்கு மாறலாம். மாத்திரையை மறுத்தவர் மறுமாதம் வந்து கேட்கலாம். மறுபடி குடித்துவிட்டு வந்தவரை, "உன்னைத் திருத்தவே முடியாது" என்று நோயாளிகள் வரிசையின் முன்னால் வைத்து ஏசுகிற வழக்கத்தைச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கையால் நிறுத்த வேண்டும். அவர் மறுபடி வந்ததே சிகிச்சையில் பாதி. காலத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். அறுவடைப் பணம் கையில் புரளும் தை, மாசியும், வேலையற்றுக் கிடக்கும் பங்குனி, சித்திரையும் டெல்டாவில் குடிக்கும் துக்கத்துக்கும் உகந்த மாதங்களாக இருக்கின்றன. மேட்டூர் திறந்த பிறகு வயலை விட்டு எவரும் ஆலோசனைக்கு வரமாட்டார். ஆகையால், அடுத்த தை அறுவடைக்கு முன்பாகவே அந்தப் பிரசுரம் அச்சாகி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி, பேராவூரணி வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.